கெர்னலை நிறுத்தி வைத்துப் பார்ப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வர்ச்சுவல் மெஷினை, அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் புரோகிராமாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. எல்லாம் கெர்னலில், அதாவது லினக்ஸ், விண்டோஸ் போன்றவற்றின் மையப் புரோகிராமில் பிழை தேடுவதைப் பற்றி. பிரிண்டர், வைஃபை பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக லினக்ஸில் ஒரு சின்ன கேரக்டர் டிரைவர் (ஃபைல் போலத் திறந்து பயன்படுத்தும் டிவைஸுக்கான புரோகிராம்) எழுதினேன். ஃபைலைத் திறந்து மூடினால் சில சமயம் ஒன்றும் ஆவதில்லை, சில சமயம் லேப்டாப் அப்படியே உறைந்துவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. ஊரெல்லாம் பிரிண்ட்கே (கெர்னலிலிருந்து செய்தி எழுதும் ஃபங்ஷன்) போட்டுப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. சீனியர் அண்ணா சொன்னபடி, கெர்னல் கிளம்பும்போது கொடுக்கும் பூட் வரியில் ஸ்லப் டிபக் (மெமரிப் பிழை தேட உதவும் ஆப்ஷன்) சேர்த்தேன். அப்புறம் ஒரு தடவை திரையில் வந்ததை போட்டோ எடுத்து, அந்த வரிகளை இத்துடன் எழுதியிருக்கிறேன். வர்ச்சுவல் மெஷினில் போட்டால் ஒவ்வொரு வரியாக நிறுத்திப் பார்க்க முடியுமாங்க அக்கா?
– மாணவி, பெருந்துறை

பதில்: தாராளமாக முடியும் கண்ணு. ஆனால் டிபக்கரை, அதாவது புரோகிராமை நிறுத்திப் பார்க்கும் கருவியைத் திறப்பதற்கு முன்னால், நீ அனுப்பிய வரிகளை இரண்டு பேருமாகப் படித்துவிடுவோம். நிறையப் பிள்ளைகள் அந்த வரிகளைப் பார்த்ததும் பயந்துபோய் ரீபூட் செய்துவிடுகிறார்கள். நீ போட்டோ எடுத்தாய் பார், பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.

முதல் வரியில் ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட் என்றும், முகவரி 6பி6பி6பி6பி6பி6பி6பி6பி என்றும் இருக்கிறது. அதற்குக் கீழே ஆர்ஐபி (ப்ராசஸர் அப்போது இருந்த இடம்) என்று போட்டு டிக்_ஹேண்ட்லர், கூட்டல் 2சி, சாய்கோடு 80. இன்னும் கீழே கால் டிரேஸில் (யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற பட்டியல்) ஐஆர்கியூ (இன்டரப்ட்) என்ற அடையாளத்துக்குள் கால்_டைமர்_எஃப்என்.

அந்த 6பி தற்செயலாக வந்த எண் இல்லை. ஸ்லப் டிபக் போட்டிருக்கும்போது, கேஃப்ரீ செய்த, அதாவது வேலை முடிந்து திருப்பிக் கொடுத்த மெமரி முழுவதையும் கெர்னல் 6பி, 6பி என்று நிரப்பி வைக்கும். கடைசி பைட்டில் மட்டும் ஏ5 இருக்கும். ஒதுக்கிக் கொடுத்து இன்னும் யாரும் எழுதாத மெமரி என்றால் 5ஏ இருக்கும். ஆக, திரையில் வரிசையாக 6பி தெரிந்தால், விட்டுக் கொடுத்த மெமரியை யாரோ இன்னும் தனதென்று நினைத்துப் படிக்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்பதை இரண்டாவது வரி சொல்கிறது. டிக்_ஹேண்ட்லர் என்ற ஃபங்ஷன் மொத்தம் 80 பைட், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் கணக்கில் 80, நம் கணக்கில் 128. அதில் 2சி, அதாவது 44-வது பைட்டில் இருக்கும்போது விழுந்திருக்கிறது. கால் டிரேஸ் சொல்வது, அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டது டைமர். இனி யூகத்துக்கு வேலை இல்லை. ஃபைலை மூடும்போது உன் ரிலீஸ் ஃபங்ஷன் மெமரியை விட்டுவிடுகிறது, டைமரை யாரும் நிறுத்தவில்லை. மூடிய பிறகும் டைமர் ஒரு தடவை அடித்தால் விழுகிறது, அடிப்பதற்குள் வேறு ஏதாவது நடந்தால் தப்பிக்கிறது. உன் ‘சில சமயம்’ இதுதான்.

சரி, இதைக் கண்ணால் பார்க்கலாம் வா.

உன் லேப்டாப்பில் ஓடுகிற கெர்னலை விட்டுவிடு. கெர்னல் சோர்ஸை இறக்கி, கான்ஃபிக்கில் டிபக் இன்ஃபோவும் ஜிடிபி (நாம் பயன்படுத்தப்போகும் டிபக்கர்) ஸ்கிரிப்ட்ஸும் போட்டுக் கம்பைல் செய். முடிவில் இரண்டு ஃபைல் கிடைக்கும். பிஇசட்-இமேஜ் என்பது பூட் ஆவதற்கு, விஎம்லினக்ஸ் என்பது ஜிடிபி படிப்பதற்கு. இரண்டும் ஒரே கம்பைலில் பிறந்தவையாக இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. உன் டிரைவர் மாட்யூலையும் இதே கெர்னலுக்கு எதிராகவே கம்பைல் செய்ய வேண்டும். ரூட் ஃபைல்சிஸ்டத்துக்கு பிசிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) வைத்த ஒரு சின்ன இனிட்ராம்எஃப்எஸ் (மெமரியிலேயே இருக்கும் ஃபைல்சிஸ்டம்) போதும், டெஸ்க்டாப் எல்லாம் வேண்டாம். வர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கியூஎமு என்ற புரோகிராமை, கேவிஎம் என்ற லினக்ஸின் வர்ச்சுவலைசேஷன் வசதியோடு கிளப்பு. அதில் சின்ன எஸ் ஆப்ஷன் போட்டால் 1234 என்ற போர்ட்டில் ஜிடிபிக்காகக் காத்திருக்கும், கூடவே பெரிய எஸ் போட்டால் முதல் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு முன்பே நின்றுவிடும். பூட் வரியில் கன்சோலை சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிடு, அப்போதுதான் கெர்னல் கடைசியாகப் பேசிய வார்த்தை உன் டெர்மினலிலேயே தங்கும். அதே வரியில் நோகேஏஎஸ்எல்ஆர் என்றும் சேர்த்துவிடு, காரணத்தைக் கீழே ஈரோடு வாசகருக்கான பதிலில் சொல்கிறேன். ஸ்லப் டிபக்கையும் மறக்காதே.

இன்னொரு டெர்மினலில் விஎம்லினக்ஸைக் கொடுத்து ஜிடிபியைத் திறந்து, டார்கெட் ரிமோட் என்று 1234-ல் சேர்ந்துகொள். கன்டினியூ கொடுத்து பூட் ஆகவிடு. மாட்யூலை ஏற்றியபின் கன்ட்ரோல் சி அழுத்தி, எல்எக்ஸ்-சிம்பல்ஸ் என்ற கட்டளையைக் கொடு. மாட்யூல் மெமரியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அதுவே கண்டுபிடித்து சிம்பல்களை ஏற்றிக்கொள்ளும். இப்போது லிஸ்ட் கட்டளையில் நட்சத்திரம் போட்டு டிக்_ஹேண்ட்லர் கூட்டல் 2சி என்று கேட்டால் உன் சி ஃபைலில் எந்த வரி என்று காட்டும்.

அடுத்துதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ரிலீஸ் ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் (ஓட்டம் வந்து நிற்க வேண்டிய இடம்) வை. கெஸ்ட்டுக்குள், அதாவது வர்ச்சுவல் மெஷினுக்குள் ஃபைலைத் திறந்து மூடு. ஜிடிபியில் நிற்கும். உன் ஸ்ட்ரக்சரை பிரிண்ட் செய், எல்லா மதிப்பும் ஒழுங்காக இருக்கும். அந்த ஸ்ட்ரக்சரில் டைமர் தொடுகிற பாயிண்டர் மேல் ஒரு வாட்ச்பாயிண்ட் வைத்துவிட்டு கன்டினியூ கொடு. அந்த எட்டு பைட்டை யாராவது மாற்றி எழுதிய நொடியில் மெஷின் முழுவதும் நிற்கும். பேக்டிரேஸ் எடுத்தால் முதலில் மெம்செட் (மெமரியை நிரப்பும் ஃபங்ஷன்), அடுத்து ஸ்லப்பின் ஃபங்ஷன்கள், அதற்கடுத்து கேஃப்ரீ, அதையும் கூப்பிட்டது உன் ரிலீஸ். மெமரியைத் திறந்து பார்த்தால் 6பி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். பிறகு டிக்_ஹேண்ட்லரில் பிரேக்பாயிண்ட் வைத்து விடு. அது வந்து நிற்கும்போது கையில் பிடித்திருக்கும் முகவரியும் நீ இப்போது விட்டுக்கொடுத்த முகவரியும் ஒன்றே என்று பார்ப்பாய். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்தவர்களுக்கு வாழ்நாளுக்கும் மறக்காது.

சரிசெய்வது ஒரே வரி. கேஃப்ரீக்கு முன்னால் டைமர்_டிலீட்_சிங்க். பழைய கெர்னல் என்றால் அதே வேலைக்கு டெல்_டைமர்_சிங்க். அந்த ‘சிங்க்’ முக்கியம். டைமரை எடுப்பதோடு, வேறொரு கோரில் அந்த ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்கும். சிங்க் இல்லாததைப் போட்டால் பிழை போய்விட்டது போலத் தெரிந்து, வைவா அன்றைக்கு வந்து நிற்கும்.

கேள்வி: அக்கா, நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து படிக்கிறவன் நான். 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் இதுக்கெல்லாம் தாங்குமா?
– பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

பதில்: தாங்கும் தம்பி. கெஸ்ட்டுக்கு 1 ஜிபி கொடுத்தால் போதும், பிசிபாக்ஸ் மட்டும் என்றால் 512 எம்பியே அதிகம். ப்ராசஸரில் வர்ச்சுவலைசேஷன் வசதியைக் காட்டும் விஎம்எக்ஸ் அல்லது எஸ்விஎம் என்ற கொடி இருக்கிறதா என்று ப்ராக் ஃபைல்சிஸ்டத்தில் சிபியுஇன்ஃபோவைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் பயாஸில் வர்ச்சுவலைசேஷனை அணைத்து வைத்திருப்பார்கள். கஷ்டப்படப்போவது கம்பைல் நேரத்திலும் டிஸ்க்கிலும்தான். டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆயிரக்கணக்கான டிரைவரைக் கம்பைல் செய்துகொண்டு உட்காரும். டிஃப்கான்ஃபிக்கோடு (கெர்னலோடு வரும் அடிப்படை கான்ஃபிக்) கேவிஎம் கெஸ்ட் கான்ஃபிக்கைச் சேர்த்துத் தொடங்குங்கள். தூங்கப் போகும்போது மேக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: மேடம், கியூஎமு, ஜிடிபி எல்லாம் போட்டுவிட்டேன். ஸ்டார்ட்_கெர்னலில் (கெர்னல் தொடங்கும் ஃபங்ஷன்) பிரேக்பாயிண்ட் வைத்தால் நிற்காமல் லாகின் வரைக்கும் ஓடிவிடுகிறது. அதிசயமாக வேறெங்காவது நின்றால், பாதி வேரியபிளுக்கு ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வருகிறது. நண்பர்கள் யாருக்கும் காரணம் தெரியவில்லை.
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தம்பி, இதில் மூன்று விஷயம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

விஎம்லினக்ஸுக்குள் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு முகவரி எழுதியிருக்கும். ஆனால் கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் வேறு வேறு இடத்தில் போய் உட்காருகிறது. தாக்குகிறவனுக்கு முகவரி தெரியக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, பெயர் கேஏஎஸ்எல்ஆர். எக்ஸ்86-ல் 3.14 கெர்னலில், 2014-ல் வந்தது, 4.12-லிருந்து கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். ஜிடிபி பழைய முகவரியில் காவல் இருக்கிறது, கெர்னல் வேறு வழியில் போய்விடுகிறது. பூட் வரியில் நோகேஏஎஸ்எல்ஆர் போட்டால் இது தீரும். கொடுத்தும் தீரவில்லையென்றால், நீங்கள் திறந்து வைத்திருக்கும் விஎம்லினக்ஸ் வேறு கம்பைலுடையதா என்று பாருங்கள். கெர்னலின் வெர்ஷன் வரியில் கம்பைல் செய்த தேதி, நேரம் இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இரண்டாவது விஷயம் கேவிஎம்மோடு வருவது. சாதாரண பிரேக்பாயிண்ட் என்றால், அந்த இடத்தில் இருக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனின் முதல் பைட்டை எடுத்துவிட்டு சிசி என்ற ஒரு பைட்டை எழுதி வைப்பது. நீங்கள் பெரிய எஸ் போட்டு, கெர்னல் மெமரிக்கே வந்து சேராத நேரத்தில் அதை வைக்கிறீர்கள். அந்த நேரத்தில் அந்த முகவரிக்கு மெமரிப் பக்கம் (பேஜ்) எதுவும் இன்னும் கிடையாது. அப்படியே எழுத முடிந்தாலும், கெர்னல் தன்னைத்தானே விரித்து அங்கே வந்து உட்காரும்போது உங்கள் சிசி அழிந்துவிடும். ஆகையால் முதல் நிறுத்தத்துக்கு மட்டும் எச்பிரேக் என்று கொடுங்கள். அது மெமரியில் எதையும் எழுதாது, ப்ராசஸரின் டிபக் ரெஜிஸ்டரில் முகவரியை வைக்கும். எக்ஸ்86-ல் அப்படி நாலே நாலுதான் இருக்கிறது, வாட்ச்பாயிண்டும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஸ்டார்ட்_கெர்னலில் ஒரு தடவை நின்றுவிட்டால் அதற்குப் பிறகு சாதாரண பிரேக்பாயிண்டே போதும்.

‘ஆப்டிமைஸ்டு அவுட்’ பற்றி: லினக்ஸ் கெர்னல் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைலே ஆகாது, அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அதனால் மேக்ஃபைலில் ஓ ஜீரோ (ஆப்டிமைசேஷன் வேண்டாம் என்ற ஆப்ஷன்) போட்டுப் போராட வேண்டாம். பார்க்க வேண்டிய ஃபங்ஷன் உங்களுடையது என்றால் அதற்கு முன்னால் நோஇன்லைன் என்று எழுதுங்கள், ஃபங்ஷன் தனியாக நிற்கும். மதிப்பு காணாமல் போன வேரியபிளுக்கு, ஒரு ஃபிரேம் மேலே ஏறி, கூப்பிட்டவரிடம் அது என்னவாக இருந்தது என்று கேளுங்கள். டிஸ்அசெம்பிளியையும் கொஞ்சம் படிக்கப் பழகுங்கள். முதல் வாரம் கண்ணைக் கட்டும், அப்புறம் பழகிவிடும்.

கேள்வி: அம்மணி, நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பேரன் எந்நேரமும் கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் என்று ஏதோ சொல்கிறான். ஒரு மெஷினுக்குள் இன்னொரு மெஷின் எப்படி இருக்க முடியும்? அதை நிறுத்தினால் வெளியே இருப்பது ஏன் நிற்பதில்லை? எனக்கும் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வணக்கம் அய்யா. கணக்கு வாத்தியார் என்பதால் உங்களிடம் சுற்றி வளைக்காமலே சொல்லலாம்.

கெர்னல் என்பது மெஷினின் எல்லா அதிகாரமும் கையில் உள்ள புரோகிராம். மெமரியைப் பங்கிடுவது, டிஸ்க்கைத் தொடுவது, எந்தப் புரோகிராம் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது எல்லாம் அதன் பொறுப்பு. மற்ற புரோகிராம் தப்பு செய்தால் கெர்னல் அதை நிறுத்தி வைத்து நமக்குக் காட்டும். கெர்னலே தப்பு செய்தால் அதை நிறுத்தி வைக்க அதற்கு மேலே ஆள் இல்லை. அந்த மேல் ஆள்தான் வர்ச்சுவல் மெஷினில் நமக்குக் கிடைக்கிறார்.

பேரனுடைய கெர்னலுக்குத் தான் நிஜ மெஷினில் இருப்பதாகவே தோன்றும். அது சாதாரணக் கூட்டல் கழித்தல் செய்யும்வரை நிஜ ப்ராசஸரே நேரடியாக ஓட்டும். அதிகாரம் சம்பந்தப்பட்ட காரியம் எதையாவது தொட்டால், ப்ராசஸர் அதை நிறுத்திவிட்டு வெளியே இருக்கும் புரோகிராமிடம் ஒப்படைக்கும். அது தேவையானதைச் செய்துகொடுத்துவிட்டு மறுபடி உள்ளே விடும். எந்த ப்ராசஸரில் இப்படி முறையாகச் செய்ய முடியும் என்று போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் 1974-ல் தேற்றமாகவே எழுதி நிறுவினார்கள், உங்களுக்குப் பிடிக்கும். அதற்கு முன்பே ஐபிஎம் 1972-ல் விஎம்/370 என்று விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. நம் மேஜைமேல் இருக்கும் இன்டெல் வகை ப்ராசஸர்கள் அந்தத் தேற்றத்தின் நிபந்தனைக்கு வெகுகாலம் பொருந்தவில்லை. 2005, 2006-ல் இன்டெலும் ஏஎம்டியும் அதற்கென்றே தனி வசதி சேர்த்தபிறகுதான் இது எல்லார் வீட்டுக்கும் எளிதாக வந்தது. 2007-ல் கேவிஎம் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. பேரன் சொல்லும் கியூஎமு 2003-ல் ஃபேப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்டது.

நம் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனிகளில் போர்வெல் மோட்டாரை முதலில் தொட்டித் தண்ணீரில் ஓடவிட்டு, மீட்டரில் ஆம்பியர் பார்ப்பார்கள் இல்லையா, வர்ச்சுவல் மெஷினும் அப்படி ஒரு தொட்டி. ஓடுகிற மோட்டாருக்குத் தான் தொட்டியில் இருக்கிறோம் என்று தெரியாது. சுவிட்சும் மீட்டரும் வெளியே நம் கையில் இருக்கிறது. நிறுத்தினால் அது மட்டும்தான் நிற்கும்.

கேள்வி: லினக்ஸை உருவாக்கியவரே கெர்னலுக்கு டிபக்கர் வேண்டாம் என்றவர் என்று எங்கள் டீம் லீடர் சொல்கிறார். சோர்ஸைப் படித்துப் புரிந்துகொள்கிறவன்தான் நிஜமான கெர்னல் ஆள் என்கிறார். நாங்கள் செய்வது குறுக்கு வழியா?
– மென்பொருள் பணியாளர், கரூர்

பதில்: உங்கள் டீம் லீடர் சொல்லும் செய்தி உண்மை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2000-ல் தனக்கு டிபக்கர் பிடிக்காது என்று பகிரங்கமாகவே எழுதினார். டிபக்கர் கையில் இருந்தால் ஆட்கள் காரணத்தைத் தேடாமல் அறிகுறியை மட்டும் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர் கவலை. கேஜிடிபி என்ற கெர்னல் டிபக்கர் கடைசியில் கெர்னலுக்குள் வந்தது 2008-ல், 2.6.26-ல்.

அந்தக் கவலை எனக்கும் உண்டு. பாயிண்டர் நல் (எங்கும் சுட்டாதது) ஆக இருக்கிறதா, ஒரு இஃப் போட்டுத் தாண்டிப் போ என்று எழுதப்பட்ட பேட்ச்கள் (திருத்தங்கள்) எத்தனையோ என் கண்முன் வந்திருக்கின்றன. அது ஏன் நல் ஆனது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்கு மருந்து டிபக்கரைப் பிடுங்கி வைப்பதல்ல என்று உறுதியாகச் சொல்வேன். பீளமேட்டில் நான் மில் மெஷின் கன்ட்ரோலர்களுக்கு டிரைவர் எழுதிய காலத்தில், இரண்டு கம்ப்யூட்டரை சீரியல் கேபிளால் இணைத்துத்தான் கெர்னலை நிறுத்த முடியும். அந்த ஏற்பாடு வாய்க்காதவர்கள் மனதுக்குத் தோன்றியதை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோர்ஸை நன்றாகப் படித்தவன்தான் பிரேக்பாயிண்டைச் சரியான இடத்தில் வைப்பான். நின்ற இடத்தில் கண்ணால் பார்த்தவன் திரும்பிப் போய்ப் படிக்கும்போது சோர்ஸ் வேறு மாதிரித் தெரியும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: மேடம், கணபதியில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறோம். நிட்டிங் மெஷினுக்கு ஆர்ம் ப்ராசஸர் போர்டு வைத்த கன்ட்ரோலர் செய்கிறோம். எங்கள் டிரைவர் எக்ஸ்86 வர்ச்சுவல் மெஷினில், நாங்களே எழுதிய போலி டிவைஸோடு, வாரக்கணக்கில் சுத்தமாக ஓடுகிறது. போர்டில் போட்டால் டிஎம்ஏ (டிவைஸ் தானே நேரடியாக மெமரியைப் படிக்கும் வழி) எப்போதாவது பழைய டேட்டாவையே எடுத்துப் போகிறது. கியூஎமுவிலேயே ஆர்ம் மெஷின் வைத்தும் பார்த்தோம், அதிலும் வரவில்லை. வேகத்துக்காக ரிஜிஸ்டர் எழுதும் இடங்களில் ரைட்எல்-ஐ ரைட்எல்_ரிலாக்ஸ்டு என்று மாற்றியிருக்கிறோம். போர்டு வாங்கிய இடத்தில் கேட்டால் உங்கள் புரோகிராம்தான் தப்பு என்கிறார்கள்.
– தொழில்முனைவோர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் டிரைவர் செய்வது இதுதான். மெமரியில் ஒரு டிஸ்கிரிப்டரை (டேட்டாவைப் பற்றி டிவைஸுக்குச் சொல்லும் குறிப்பு) நிரப்புகிறது, அப்புறம் டிவைஸின் ரிஜிஸ்டரில் எழுதி ‘எடுத்துக்கொள்’ என்று மணி அடிக்கிறது. ஆர்ம் ப்ராசஸருக்கு இப்படி எழுதிய இரண்டும் இதே வரிசையில் வெளியே போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரண ரைட்எல் தனக்குள்ளேயே ஒரு பேரியர் வைத்திருக்கிறது, முன்னால் எழுதியதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகே மணி அடிக்கும். ரிலாக்ஸ்டு என்றால் அந்தப் பேரியர் இல்லை. மணி முதலில் போய்விட்டால் டிவைஸ் பழைய டிஸ்கிரிப்டரைப் படிக்கும்.

வர்ச்சுவல் மெஷினில் ஏன் வரவில்லை? எக்ஸ்86 ப்ராசஸர் மெமரியில் முன்னால் எழுதியதைப் பின்னால் எழுதியதற்குப் பிறகு தள்ளாது, அதன் விதியே கண்டிப்பானது. நீங்கள் ஆர்ம் மெஷினை கியூஎமுவில் வைத்தாலும், அடியில் அதை மொழிபெயர்த்து ஓட்டுவது உங்கள் எக்ஸ்86 லேப்டாப்தான். ஆகவே ஆர்மின் தளர்வு அங்கே எட்டிப் பார்க்க வாய்ப்பே இல்லை. கேஷையும் கியூஎமு நிஜம்போல நடத்திக் காட்டுவதில்லை. கேஷில் தங்கி மெமரிக்குப் போகாத டேட்டா என்ற நிலைமை அதற்குள் உண்டாகாது. போலி டிவைஸும் கேட்ட உடனே பதில் சொல்லிவிடும், நிஜ டிவைஸ் தன் நேரத்துக்குத்தான் சொல்லும்.

மணி அடிக்கும் அந்த ஒரு இடத்தில் மட்டும் ரைட்எல்-ஐத் திரும்ப வையுங்கள். மற்ற இடங்களில் ரிலாக்ஸ்டு இருக்கட்டும், வேகம் குறையாது. டிஸ்கிரிப்டருக்குள்ளேயே ‘இது டிவைஸுக்குச் சொந்தம்’ என்ற பிட் இருந்து, டிவைஸ் அதைத் தானாக வந்து பார்க்கும் வகை என்றால், மற்ற விவரங்களை எழுதியபின், அந்த பிட்டை எழுதுவதற்கு முன்னால் டிஎம்ஏ_டபிள்யூஎம்பி வேண்டும். பஃபரை டிஎம்ஏ_மேப்_சிங்கிள் வழியாகக் கொடுக்கிறீர்களா, கொடுத்த பிறகு சிபியு அதைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள்.

தேடும்போது போர்டில் பிரிண்ட்கேயை நம்பாதீர்கள். 115200 வேகத்தில் சீரியல் போர்ட் நொடிக்குச் சுமார் 11,500 எழுத்துதான் அனுப்பும். எண்பது எழுத்துள்ள ஒரு வரிக்கு ஏறத்தாழ 7 மில்லிசெகண்ட் போய்விடும். இன்டரப்டுக்குள் அவ்வளவு நேரம் நின்றால் நீங்கள் தேடும் பிழையே ஓடி ஒளிந்துகொள்ளும். அதற்குப் பதில் டிரேஸ்_பிரிண்ட்கே போடுங்கள். அது எஃப்டிரேஸ் என்ற கெர்னல் டிரேஸிங் வசதியின் பஃபரில் மெமரிக்குள்ளேயே எழுதிக்கொள்ளும், பிறகு நிதானமாக எடுத்துப் படிக்கலாம்.

இதற்காக வர்ச்சுவல் மெஷினைத் தள்ளிவிடவும் வேண்டாம். லாக் வரிசை மாறுவது, விட்ட மெமரியைத் தொடுவது, ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு தூங்குவது, இவையெல்லாம் அங்கேயே பிடிபட வேண்டியவை. லாக் வரிசையைக் கவனிக்க 2006-லிருந்து லாக்டெப் இருக்கிறது, விட்ட மெமரியைத் தொடுவதைப் பிடிக்க 2015-லிருந்து கேசான் இருக்கிறது. கேசான் மெமரியில் எட்டில் ஒரு பங்கைத் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும், உங்கள் போர்டில் அதற்கு இடம் இருக்காது, லேப்டாப்பில் தாராளமாக இருக்கிறது. இரண்டையும் ஆன் செய்து ஒரு இரவு முழுக்க ஓட்டிச் சுத்தமாக வந்த டிரைவரை மட்டும் போர்டுக்குக் கொண்டுபோங்கள். போர்டில் மிஞ்சுவது பெரும்பாலும் வரிசை, கேஷ், நேரம் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். தேடும் இடம் சுருங்கிவிடும்.

கேள்வி: விண்டோஸ் டிரைவருக்கும் இதே மாதிரி செய்யலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: செய்யலாம் அம்மணி. விண்டோஸை ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் வர்ச்சுவல் மெஷின் வசதி) கெஸ்ட்டாக வைத்து, செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு, பிசிடிஎடிட் என்ற கட்டளையில் டிபக்கை ஆன் செய்யுங்கள். வெளியே வின்டிபிஜி என்ற டிபக்கர், நடுவில் நெட்வொர்க் வழியாகக் கேடிநெட். சிம்பல்களை மைக்ரோசாஃப்ட் சர்வரே கொடுக்கும். டிரைவர் வெரிஃபையரை (டிரைவரின் தப்பைத் தேடும் விண்டோஸ் கருவி) கெஸ்ட்டுக்குள் உங்கள் டிரைவர் மேல் மட்டும் ஏவிவிடுங்கள், நீலத் திரை சீக்கிரமே வந்துவிடும், அது வந்தால் நமக்கு நல்லதுதான்.

கேள்வி: அக்கா, கத்துக்கிட்டதை வெச்சு நிஜமான கெர்னல் பிழை ஒண்ணைப் பிடிக்கணும்னு ஆசை. எங்கே போய்த் தேடறதுங்க?
– பாலிடெக்னிக் முடித்தவர், அவிநாசி

பதில்: தேடவே வேண்டாம் தம்பி, வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூகுளின் சிஸ்பாட் என்ற ஏற்பாடு லினக்ஸ் கெர்னலை வர்ச்சுவல் மெஷின்களில் ஏற்றி, ராப்பகலாக ஏடாகூடமான சிஸ்டம் கால்களை வீசிக்கொண்டே இருக்கிறது. விழுந்தால் அந்த ஊப்ஸ் (கெர்னலின் பிழைச் செய்தி), கெர்னல் கான்ஃபிக், எந்தக் கமிட்டில் (சோர்ஸின் எந்த நிலையில்) விழுந்தது, பல சமயம் அதைத் திரும்ப உண்டாக்கும் ஒரு சின்ன சி புரோகிராம், எல்லாவற்றையும் யாரும் பார்க்கிற மாதிரி வைத்துவிடுகிறது.

முதலில் ஏற்கெனவே தீர்ந்துபோன ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச்சைப் பார்க்காமல், அந்தக் கமிட்டை அதே கான்ஃபிக்கில் கம்பைல் செய்து, அந்த சி புரோகிராமை உங்கள் கெஸ்ட்டில் ஓட்டி விழ வையுங்கள். டிஸ்க் இமேஜை கியூகவ்2 வகை ஃபைலாக வைத்து, மூல இமேஜ் மேல் ஒரு மேலடுக்கு போட்டுக்கொண்டால், எத்தனை தடவை விழுந்தாலும் மேலடுக்கை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடரலாம். கரண்ட் போனாலும் மூல இமேஜுக்கு ஒன்றும் ஆகாது. காரணம் பிடிபட்டதும் உங்கள் வார்த்தையில் ஒரு பத்தி எழுதி வைத்துவிட்டு, அப்புறம் பேட்ச்சைத் திறந்து ஒப்பிடுங்கள். இப்படிச் சிலவற்றைச் செய்தபின் தீராத ஒன்றுக்குப் போங்கள். நெட்வொர்க்கின் நடுப்பகுதி, மெமரி மேனேஜ்மென்ட் இவற்றை இப்போதைக்கு விட்டு, ஆள் குறைவான பழைய யுஎஸ்பி டிரைவர், சின்ன ஃபைல்சிஸ்டம் என்று பாருங்கள். தீர்த்துவிட்டால் அந்த ரிப்போர்ட்டிலேயே ‘ரிப்போர்ட்டட்-பை’ என்று ஒரு வரி கொடுத்திருப்பார்கள், அதை அப்படியே உங்கள் பேட்ச்சில் சேருங்கள். பேட்ச் கெர்னலில் சேர்ந்ததும் அந்த வரியை வைத்துத்தான் சிஸ்பாட் அதைக் கணக்கு முடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே ‘சைன்ட்-ஆஃப்-பை’ என்று உங்கள் பெயர். அனுப்பிய பிறகு என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.